விதைக்குப் பாராட்டு, யூரியாவுக்குத் திட்டு

"குட்டை இனம் வந்தது, விளைச்சல் பெருகினது" எண்டு சொல்லுறது அரைவாசிக் கதைதான். இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட்டில் 1843 முதல் குளிர்காலக் கோதுமை விதைக்கிறார்கள். அங்கே உரமே போடாத துண்டு இண்டைக்கும் ஹெக்டேயருக்கு ஏறக்குறைய 1 தொன்தான் தருகிறது. புது இனம் போட்டும் பெரிதாக ஏறவில்லை.

நெட்டைக் கோதுமைக்கு நைதரசன் கூடினால் சாய்ந்துவிடும். ஜப்பானின் நோரின் 10 இனத்தின் வழிவந்து, 1961இல் அமெரிக்காவில் வெளியான கெயின்ஸ் கோதுமை சாயாமல் நின்றது. உரத்தைத் தாங்கத்தான் பயிரைக் குட்டையாக்கினார்கள்!

எங்கட புது நெல்லினங்களும் அப்படித்தான். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடைசெய்தவர்கள், அந்த உரத்தை நம்பி உருவான விதையை மட்டும் வயலிலேயே விட்டுவிட்டார்கள். அதே ஆண்டு தடை போனது. நட்டம் விவசாயியின் தலையில்.

யூரியாவைக் குறைக்கத்தான் வேணும். முதலில் குறைந்த நைதரசனில் விளையும் இனத்தைத் தாங்கோ. பிறகு தடையைப் பற்றிக் கதைப்பம்.