விசித்திரத்துக்கு ஒரு வக்காலத்து

"இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று கேட்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு.

ஒன்று, இலக்கியம் படிக்கிறவர்களின் கட்சி. கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் ஆடுகிற எதுவுமே சிறு பிள்ளைகள் சமாசாரம். அதைப் பற்றி ஒரு நாவலாசிரியன் பேனாவை எடுத்தால் அவனுக்கு வேறு வேலையில்லை என்று அர்த்தம் என்பது இவர்கள் அபிப்பிராயம். மற்றது, இரவு பகலாக வீடியோ விளையாட்டு ஆடுகிறவர்களின் கட்சி. சுடுவதற்குத் துப்பாக்கி இல்லை, ஓட்டுவதற்குக் கார் இல்லை, ஜெயித்தால் கிடைப்பதற்கு ஒன்றும் இல்லை. பிறகு இது என்ன விளையாட்டு என்பது இவர்கள் கேள்வி. வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இந்த இரண்டு கட்சியும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கைகோத்துக்கொள்கின்றன. பெரிய கம்பெனியின் முதல் இல்லாமல், தனி ஆளாகவோ இரண்டு மூன்று பேராகவோ உட்கார்ந்து, சந்தையில் யாரும் கேட்காத ஒன்றைச் செய்து வெளியிடுகிறார்களே, அந்த விசித்திரமான விளையாட்டுகள் இரண்டு பேருக்குமே ஆகவில்லை.

அவற்றுக்காகத்தான் இங்கே நான் வக்காலத்து வாங்குகிறேன். ஆடுகிறவனை வாடிக்கைக்காரனாக நடத்தாமல், யோசிக்கத் தெரிந்த, பதில் சொல்லக் கடமைப்பட்ட மனிதனாக நடத்துகிற காரியம் இன்றைக்குப் பெரும்பாலும் இந்த விசித்திரங்களில்தான் நடக்கிறது என்பது என் கட்சி.

முதலில் வியாபாரச் சரக்கைப் பார்த்துவிடுவோம். அதன் தொழில் ரகசியம் முகஸ்துதி. நீ ஒரு மகாவீரன், உலகமே உன் வருகைக்காகக் காத்துக் கிடக்கிறது என்று அது நம்மிடம் சொல்லுகிறது. ஓர் எதிரியை அடித்தால் காதுக்கு இதமாக ஒரு சத்தம். பத்து எதிரியை அடித்தால் ஒரு பட்டம். கைப்பேசியில் வருகிற இலவச விளையாட்டுகளிலோ இந்த முகஸ்துதியைக் கடை வைத்தே விற்கிறார்கள். இன்றைக்குத் திறந்து பார்த்ததற்கு ஒரு பரிசு. ஏழு நாள் விடாமல் திறந்தால் பெரிய பரிசு. நடுவில் ஒரு நாள் தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறந்து பார்க்கலாம். பிரபலமான சில விளையாட்டுகளில் விற்ற இத்தகைய பெட்டிகளை, 2018-ல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் சூதாட்டம் என்றே முடிவு கட்டியது. களைத்து வீட்டுக்கு வருகிறவனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் பொழுதைப் போக்குகிறவன் யார், அவன் பொழுதைத் தின்கிறவன் யார் என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்பதில் தவறில்லையே!

இனி விசித்திரத்துக்கு வருகிறேன். லூகாஸ் போப் என்று ஓர் அமெரிக்கர். பெரிய கம்பெனி ஒன்றில் சாகஸ விளையாட்டுகளுக்கு வேலை செய்துவிட்டு, 2010-ல் அதை விட்டு விலகினார். ஜப்பானில் குடியிருந்துகொண்டு வெளிநாடுகளுக்குப் போய்வந்த சமயங்களில், விமான நிலையங்களில் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்க்கிற உத்தியோகஸ்தர்கள் அவர் கண்ணில் பட்டார்கள். நாம் அந்த வரிசையில் நிற்கும்போது எப்போது நகரும் என்று மட்டும் நினைப்போம். அவர் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவனை நினைத்தார். 2013-ல் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது.

வருஷம் 1982. அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை தேசத்தின் எல்லைச் சோதனைச் சாவடியில் நமக்கு வேலை. வருகிறவனுடைய காகிதங்களை வாங்கிப் பார்க்க வேண்டும். பெயர், தேதி, படம், முத்திரை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். அனுமதி என்றோ மறுப்பு என்றோ முத்திரை குத்த வேண்டும். சரியாகப் பார்த்து அனுப்புகிற ஆள் ஒன்றுக்கு 5 கிரெடிட் கூலி. தவறு செய்தால் முதல் இரண்டுக்கு எச்சரிக்கைச் சீட்டு. அதற்கு மேல் அபராதம். சாயங்காலம் வாடகை, சாப்பாடு, குளிர் காய்வதற்குச் செலவு. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. கூலி போதாவிட்டால் யாரோ ஒருவருக்கு உடம்புக்கு வருகிறது. மருந்து வாங்க வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. ஒரு குமாஸ்தாவின் நாள் இதைவிடக் குறைவாக இருக்க முடியாது.

ஒரு நாள் ஒருவன் வருகிறான். காகிதங்கள் எல்லாம் ஒழுங்கு. போகும்போது, அடுத்து வருவது என் மனைவி, தயவு காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவள் வருகிறாள். நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. திருப்பி அனுப்பினால் அங்கே என்னைக் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். உங்கள் கையில் இரண்டு முத்திரை. அவளை விட்டால் உங்கள் கணக்கில் ஒரு தவறு ஏறும். அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு தவறு ஆகியிருந்தால் கூலியில் 5 கிரெடிட் போகும். உங்கள் வீட்டிலோ பையன் காய்ச்சலாகப் படுத்திருக்கலாம்.

இந்தக் காட்சியை நான் ஒரு சிறுகதையாக எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? வாசகர் அந்தப் பெண்ணுக்காக இரக்கப்படுவார். கூண்டில் உட்கார்ந்திருக்கிற குமாஸ்தாவைக் கல்நெஞ்சன் என்று திட்டுவார். பத்திரிகையை மூடி வைத்துவிட்டு, தாம் நல்லவர் என்ற திருப்தியோடு தூங்கப் போவார். என் எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவருடைய நல்ல பெயருக்கு என்னால் ஒரு கீறல்கூட உண்டாக்க முடியாது. லூகாஸ் போப்போ அந்தக் குமாஸ்தாவின் நாற்காலியில் அவரையே உட்கார்த்தி வைத்துவிடுகிறார். இப்போது திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை. ஐந்து கிரெடிட்டுக்காகத் தயங்கியது யாருடைய கை என்பது ஆடுகிறவருக்குத் தெரியும். கொடுமை செய்கிறவர்கள் எல்லோரும் ராட்சஸர்கள் அல்ல, கூலி குறைந்துவிடுமே என்று பயந்த குமாஸ்தாக்களும் அதில் உண்டு என்பதை அவர் சொற்பொழிவாகச் சொல்லவில்லை. நம் விரலைக் கொண்டே நமக்குக் காட்டிவிட்டார்.

விளையாட்டின் விதிகளே ஒரு பேச்சாக இருக்க முடியும் என்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடியவர்கள்தானே நாம்? ஏணி புண்ணியம், பாம்பு பாவம் என்று அந்தப் படம் சொல்லாமல் சொல்லுகிறது. ஆனால் பரமபதத்தில் உருளுவது தாயக்கட்டை; சறுக்கினால் பழி பாம்பின் மேல். இங்கே தாயக்கட்டை இல்லை. சறுக்கினால் பழி சறுக்கினவன் மேல். இந்த வித்தியாசத்துக்குள் ஒரு புதிய கலைக்கே இடம் இருக்கிறது.

கலை என்று சொன்னதும் சண்டைக்கு வருவார்கள். அமெரிக்க சினிமா விமரிசகர் ரோஜர் ஈபர்ட் 2010-ல் வீடியோ விளையாட்டு ஒருநாளும் கலையாக முடியாது என்று எழுதினார். விளையாட்டில் ஜெயிக்க முடியும், கலையில் ஜெயிப்பது என்று ஒன்று இல்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது. பெரிய எதிர்ப்புக் கிளம்பிற்று. ஆடிப் பார்க்காமல் நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சில மாதங்களிலேயே அவர் எழுதினார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் அவருடைய காரணத்தை இன்றைக்கும் பலர் கடன் வாங்கி உபயோகிக்கிறார்கள். ஆகவே அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் 2007-லேயே வந்துவிட்டது. ஜேஸன் ரோரர் என்பவர் செய்த 'பாஸேஜ்' என்ற விளையாட்டு அது. படம் 100 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். ஒரு சீப்பு அளவுக்கு ஒரு பட்டை. அதில் ஒரு சின்ன மனிதன். மொத்தம் ஐந்து நிமிஷம். ஆரம்பத்திலேயே ஒரு பெண் எதிர்ப்படுகிறாள். அவளோடு சேரலாம், சேராமலும் போகலாம். சேர்ந்தால் இருவரும் ஜோடியாகத்தான் நடக்க வேண்டும். ஒற்றை ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்துகளில் இருக்கிற புதையல் பெட்டிகள் எட்டாமல் போய்விடும். தொடக்கத்தில் மனிதன் திரையின் இடது ஓரத்தில் நிற்கிறான். எதிர்காலம் முழுவதும் வலப்பக்கத்தில் மங்கலாக நெருக்கிக்கொண்டு தெரிகிறது. போகப் போக அவன் வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறான். இப்போது கடந்த காலம் பின்னால் மங்கிக் கிடக்கிறது. தலை நரைக்கிறது. முதுகு வளைகிறது. அவள் இறந்துபோகிறாள், அவள் நின்ற இடத்தில் ஒரு கல்லறை. அதற்கப்புறம் அவன் நடை தளர்ந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் அவனும் போய்விடுகிறான். எத்தனை பாயிண்ட் சேர்த்திருந்தாலும் முடிவு அதுதான். இதில் ஜெயித்தவன் யார் என்று ஈபர்ட்டின் வாரிசுகள் சொல்லட்டும். நியூயார்க்கின் நவீனக் கலைப் பொருட்காட்சிசாலை 2012-ல் முதல் தவணையாக 14 விளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது அதில் இதுவும் ஒன்று. பொருட்காட்சிசாலை ஒப்புக்கொண்டதால் இது கலை என்று நான் சொல்ல வரவில்லை. வெறும் 16 புள்ளி உயரத்துக்குள் ஓர் ஆயுசை அடக்கியதே எனக்குப் போதும்.

தோல்வியைப் பற்றி இன்னொன்று. தத்துவ ஆராய்ச்சி செய்தவரான பென்னட் ஃபாடி 2017-ல் 'கெட்டிங் ஓவர் இட்' என்று ஒரு விளையாட்டை வெளியிட்டார். ஒரு கொப்பரைக்குள் இடுப்பளவு மாட்டிக்கொண்ட மனிதன். கையில் ஒரு நீளச் சம்மட்டி. அதை ஊன்றி ஊன்றி ஒரு மலையில் ஏற வேண்டும். அவன் பெயர் டயோஜனஸ். ஜாடிக்குள் குடியிருந்தார் என்று சொல்லப்படுகிற கிரேக்க ஞானியின் பெயர். மற்ற விளையாட்டுகளில் செத்தாலும் நஷ்டமில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இங்கே கை பிசகினால் மணிக்கணக்கில் ஏறினதெல்லாம் போய் அடிவாரம். அப்போது ஃபாடியின் குரல் சாவதானமாகத் தோல்வியைப் பற்றிப் பேசுகிறது. இது ஆளைச் சித்திரவதை செய்வது என்று குற்றம் சாட்டுகிறார்கள். நான் கேட்கிறேன்: விழுந்தால் வலிக்காத மலையில் ஏறினவன் எதில் ஏறினான்? தோல்விக்கு விலையே வைக்காத விளையாட்டு வெற்றிக்கும் விலை வைப்பதில்லை. முகஸ்துதிக்காரர்கள் இந்த உண்மையை நம்மிடமிருந்து மறைக்கிறார்கள்.

மொழியில் பிழைக்கிறவர்களுக்கு ஃபின்லாந்துக்காரர் ஆர்வி தெய்காரி 2019-ல் தந்த 'பாபா இஸ் யூ'வைச் சொல்லுவேன். அதில் சட்டங்களே கட்டைகளாகத் தரையில் கிடக்கின்றன. 'சுவர்', 'என்பது', 'தடை' என்று மூன்று கட்டை வரிசையாக இருக்கிற வரையில் சுவர் தடுக்கும். ஒரு கட்டையைத் தள்ளி வாக்கியத்தைக் கலைத்துவிட்டால் அதே சுவருக்குள் புகுந்து போகலாம். 'நீ' என்ற சொல்லைப் பாறையோடு சேர்த்தால் நீங்களே பாறை. தவறிப்போய் அந்த வாக்கியத்தை உடைத்துவிட்டால் நீங்கள் எங்குமே இல்லை! இடிக்க முடியாதென்று நாம் பயந்து நிற்கிற சுவர்களில் எத்தனை வெறும் வாக்கியங்கள் என்ற சந்தேகத்தை இதைவிட எளிதாக எழுப்ப முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

விசித்திரமாக இருப்பதெல்லாம் உயர்ந்தது என்று நான் சாதிப்பதாக யாரும் எண்ணவேண்டாம். புரியாமல் இருந்தால் போதும், ஆழம் என்று பெயர் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் கவிதையில் இருக்கிற மாதிரியே இங்கேயும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விசித்திரத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். 'பாஸேஜ்' அந்தக் குறுகிய பட்டையை இழந்தால் அர்த்தத்தையும் இழக்கும். போலிகளில் விசித்திரத்தை எடுத்தால் ஒன்றும் குறையாது. ஏனென்றால் முதலிலேயே ஒன்றும் இல்லை.

இந்தச் சோதனைக்கு ஈடு கொடுக்கிற ஒன்று நம்மவர் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. டொராண்டோவில் இருக்கிற விசை என்ற சிறு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா', 1988-ல் கனடாவில் பிழைக்கிற ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் தந்த சமையல் நோட்டு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்துத்தான் இட்லி வேகவைக்க வேண்டும். மகனோ தமிழை விட்டு நகர்ந்துகொண்டிருக்கிறான். அந்த நோட்டு முழுதாக இருந்திருந்தால் அது வெறும் சமையல் விளையாட்டு. கிழிந்திருப்பதால், பிறந்த வீட்டை விட்டு வந்தவர்கள் எதை எதைத் தொலைத்தார்கள் என்று ஆடுகிறவனின் கை தடவிப் பார்க்கிறது.

ஜனங்களுக்கு இதெல்லாம் வேண்டாம், அவர்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம் என்பது வியாபாரிகளின் நிரந்தரப் பல்லவி. சினிமாவிலும் பத்திரிகையிலும் கேட்டுக் கேட்டுப் புளித்த பல்லவி. 2023-க்குள் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' 50 லட்சம் பிரதிகள் விற்றுவிட்டது. குமாஸ்தா வேலையைக் காசு கொடுத்துச் செய்துபார்க்க இத்தனை பேர் முன்வந்தார்கள் என்றால், ஜனங்களுக்கு எதைத் தரலாம் என்று தீர்மானிக்கிறவர்களுக்குத்தான் ஜனங்களைத் தெரியவில்லை.

இலக்கியக் கட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாவலையும் ஒரு காலத்தில் வேலையற்ற பெண்டுகளின் பொழுதுபோக்கு என்றுதான் பெரியவர்கள் ஒதுக்கினார்கள். அந்தப் பெரியவர்களின் நாற்காலியில் நாம் போய் உட்கார வேண்டாம். 'பாஸேஜ்' விளையாட்டை அதைச் செய்தவர் இலவசமாகவே விட்டிருக்கிறார். ஐந்து நிமிஷம் செலவழியுங்கள். அந்தப் பெண்ணோடு சேருவதா, புதையலைத் தேடுவதா என்று உங்கள் கையே தீர்மானிக்கட்டும். பிறகு என்னோடு சண்டைக்கு வாருங்கள், காத்திருக்கிறேன்.