வாலிபர்கள் சோம்பேறிகளா?

செஞ்சிக் கோட்டைக்கு 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் உலகப் புகழ் வந்து சேர்ந்தது. பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் கமிட்டி, மராத்தியர்களின் கோட்டைகள் பன்னிரண்டை உலக பாரம்பரியச் சின்னங்களாக அங்கீகரித்தது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. எஞ்சிய ஒன்று நமது செஞ்சி. தமிழ் நாட்டார் யாவரும் பெருமை கொள்ள வேண்டிய செய்தி இது என்பதில் சந்தேகமில்லை. ஆனால், ராஜகிரிக்கு அருகே, திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் ரஸ்தாவின் ஓரத்துத் தேநீர்க் கடைகளில் சற்று நேரம் உட்கார்ந்திருப்பவர்கள், கோட்டையைப் பற்றிய பேச்சைக் காட்டிலும் வேறொரு பேச்சையே அதிகமாகக் கேட்பார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையவில்லை, சர்க்கார் கொடுக்கிற காசு அவர்களைக் கெடுத்துவிட்டது என்பதே அந்தப் பேச்சு. நிலமுடையோர் சொல்லுகிறார்கள், பென்ஷன் வாங்குவோர் சொல்லுகிறார்கள், நம்மைப் போன்ற வக்கீல்களும் சொல்லுகிறார்கள்.

பலர் சொல்லுவதனாலேயே ஒரு விஷயம் உண்மையாகிவிடாது. கோர்ட்டில் ஒருவன் மீது குற்றம் சாட்டினால் சாட்சியம் எங்கே என்று கேட்கிறோம். ஒரு தலைமுறையின் மீதே குற்றம் சாட்டும்போது அவ்வாறு கேட்க வேண்டாமா?

முதலில், சர்க்கார் கொடுக்கும் காசு எவ்வளவு என்று பார்ப்போம். படித்து வேலையில்லாதிருக்கும் வாலிபர்களுக்குத் தமிழக சர்க்கார் ஓர் உதவித் தொகை அளித்து வருகிறது. பத்தாம் வகுப்பில் தவறியவனுக்கு மாதம் ரூ. 200, தேறியவனுக்கு ரூ. 300, பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவனுக்கு ரூ. 400, பட்டதாரிக்கு ரூ. 600. வேலை வாய்ப்பு ஆபீஸில் பெயரைப் பதிவு செய்து ஐந்து வருஷம் காத்திருந்த பிறகே இதற்கு மனுச் செய்யலாம். குடும்பத்தின் வருஷ வருமானம் ரூ. 72,000-க்கு மேல் போகக் கூடாது. இவ்வளவுக்கும் உட்பட்டவனுக்கு மூன்று வருஷ காலம் மட்டுமே தொகை கிடைக்கும். இருபத்தோரு வயதில் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவன், இருபத்தாறாவது வயதில் நாளொன்றுக்கு இருபது ரூபாய் வீதம் பெறத் தொடங்குகிறான். இருபத்தொன்பதில் அதுவும் நின்றுவிடுகிறது. இருபது ரூபாயில் இரண்டு வேளை தேநீர் குடிக்கலாம். இதை நம்பி ஒருவன் உழைப்பைத் துறந்தான் என்று சொல்லுவது நம்பக்கூடிய கதையா?

வருமான வரம்பையும் கவனிக்க வேண்டும். 2025-26-ம் வருஷத்துக்குக் கிராம வேலைத் திட்டத்தில் தமிழ் நாட்டுக்கென மத்திய சர்க்கார் நிர்ணயித்த தினக் கூலி ரூ. 336. குடும்பத்தில் ஒரே ஒருவர் அந்தக் கூலிக்கு வருஷத்தில் 215 நாள் வேலை செய்தாலே ரூ. 72,000 தாண்டிவிடும்; மகனுக்கு உதவித் தொகை இல்லை. தகப்பன் உழைத்தால் மகன் இழப்பான் என்ற விதியை எழுதி வைத்துவிட்டு, உழைப்பின் மேன்மையைப் பற்றி உபந்நியாசம் செய்வதில் என்ன பயன்?

நூறு நாள் வேலையால் வயலுக்கு ஆள் வரவில்லை என்பது அடுத்த புகார். 2005-ம் வருஷத்துச் சட்டம் 2006 பிப்ரவரியில் அமலுக்கு வந்தபோது, முதன் முதலில் தமிழ் நாட்டில் சேர்க்கப்பட்ட ஆறு ஜில்லாக்களில் நமது விழுப்புரமும் ஒன்று. ஆகையால் செஞ்சிப் பகுதிக்கு இது பழகிய விஷயம். அந்தத் திட்டத்தில் தமிழ் நாட்டில் மண்வெட்டி பிடித்தவர்கள் யார்? ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்கள். சோம்பேறி என்று ஏசப்படும் வாலிபன் அந்த ஏரிக்கரையில் இருக்கவே இல்லை. 2025 டிசம்பரில் பார்லிமெண்டு இயற்றிய புதுச் சட்டம் நாட்களின் எண்ணிக்கையை 125 ஆக உயர்த்தியதோடு, சாகுபடிக் காலத்தில் அறுபது நாட்கள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் இடம் கொடுத்திருக்கிறது. நிலமுடையோரின் புகார் டில்லி வரை எட்டிவிட்டது; கூலிக்காரரின் குரல் அவ்வளவு தூரம் எட்டியதாகத் தெரியவில்லை.

வயல் வேலையின் நிலைமைதான் என்ன? நெல் அறுவடைக்கு யந்திரம் வந்துவிட்டது. பத்துப் பேர் பல நாள் செய்த வேலையை அது சில மணி நேரத்தில் முடித்து விடுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால், ஆளுக்குப் பதில் யந்திரத்தை இறக்கியவரே ஆள் வரவில்லை என்று அங்கலாய்ப்பது விநோதம். எஞ்சியிருப்பது நடவுக்குச் சில நாள், களைக்குச் சில நாள், கடலை பறிக்கச் சில நாள். வருஷம் முழுவதும் பசிக்கும் வயிற்றை இந்தச் சில நாட்களில் கட்டிப்போட முடியாது. அப்படிப் புகார் சொல்லும் பெரியவர், தம் சொந்தப் பிள்ளையைச் சேற்றில் இறங்கச் சொல்லுகிறாரா என்றும் கேட்க விரும்புகிறோம். அவரது பிள்ளை சென்னையில் இஞ்சினீயரிங் படிப்பான். கூலிக்காரன் பிள்ளை மட்டும் படித்த பின்னும் களை பறிக்க வேண்டுமாம்.

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் டில்லியிலுள்ள மனிதவள அபிவிருத்தி நிலையமும் 2024-ல் வெளியிட்ட இந்திய வேலை நிலைமை அறிக்கை ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. 2022-ம் வருஷத்தில், எழுதப் படிக்கத் தெரியாத இந்திய வாலிபர்களில் வேலையில்லாதவர் 100-க்கு 3.4 பேர், பட்டதாரி வாலிபர்களில் 29.1 பேர். படிப்பு ஏற ஏற வேலையின்மையும் ஏறுகிறது. பரம ஏழைக்கு வேலையில்லாமல் இருக்கவே வசதியில்லை. கிடைத்த கூலிக்குக் கல் உடைக்கப் போகிறான். கடன் வாங்கிப் படிக்கவைத்த குடும்பத்துப் பிள்ளைதான் படிப்புக்கேற்ற வேலையைத் தேடித் திகைத்து நிற்கிறான். இது சோம்பல் நோயன்று. பள்ளிக்கூடத்தைக் கட்டிவிட்டுத் தொழிற்சாலையைக் கட்ட மறந்த தேசத்தின் நோய்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். சட்டம் படித்துக் கருப்பு அங்கியைப் பூண்ட பின்னர், முதல் சில வருஷங்கள் நாமும் சீனியரின் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். வருமானம் பஸ் செலவுக்கே காணாது. தகப்பனார் சோற்றைத்தான் உண்டோம். அப்போது நம்மை எவரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. தொழில் பழகுகிறான் என்றே மரியாதையாகச் சொன்னார்கள். 2024 ஜூனில் சென்னை ஹைகோர்ட், ஜூனியர் வக்கீல்களுக்குப் பெரிய நகரங்களில் மாதம் ரூ. 20,000-மும் மற்ற இடங்களில் ரூ. 15,000-மும் குறைந்த பக்ஷம் அளிக்க வேண்டுமென்றது. அதை நாம் மனமார வரவேற்கிறோம். இந்தத் தொகை வக்கீல்களைச் சோம்பேறிகளாக்கும் என்று எவரும் எச்சரிக்கவில்லை. பதினையாயிரம் கெடுக்காத மனிதனை அறுநூறு கெடுத்துவிடும் என்பது எந்த ஊர் நியாயம்?

வாலிபர்களிடம் குறையே இல்லை என்றும் நாம் சொல்ல வரவில்லை. சர்க்கார் உத்தியோகம் ஒன்றே உத்தியோகம் என்ற மயக்கம் அவர்களைப் பிடித்திருக்கிறது. 2024 ஜூனில் நடந்த நான்காம் தொகுதிப் பரீக்ஷைக்கு மனுச் செய்தவர்கள் சுமார் 20 லக்ஷம். அறிவிப்பில் கண்ட இடங்கள் 6,244. பின்னர் கூட்டப்பட்டும் பதினாயிரத்தை எட்டவில்லை. அதாவது, ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் இடம். மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் அடுத்த பரீக்ஷைக்கென்று இன்னொரு வருஷத்தை வைத்துவிடுகிறார்கள். இப்படி ஐந்தாறு வருஷங்கள் கழிந்தபின், கையில் தொழிலும் இல்லை, மனத்தில் தெம்பும் இல்லை. இரண்டு முறை எழுதிப் பார்ப்பது முயற்சி. ஏழாவது முறையும் அதையே நம்பியிருப்பது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. இதை அவர்களுடைய நண்பர்கள் என்ற உரிமையோடு சொல்லுகிறோம். ஆனால், இந்த மயக்கம் ஏன் பிறந்தது? ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்யும் பையனுக்கு நாளை வேலை உண்டா என்று தெரியாது. கிராம நிர்வாக அதிகாரிக்குத் தெரியும். வாலிபர்கள் நாடுவது நாற்காலியை அன்று. நாளைய தினத்தின் நிச்சயத்தை.

அந்த நிச்சயத்தை அளிக்கும் கடமை சர்க்காருக்கு உண்டு. நமது அரசியல் சாசனத்தின் 41-வது ஷரத்து, தேசத்தின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு, வேலை செய்யும் உரிமைக்கும் வேலையில்லாக் காலத்தில் உதவி பெறும் உரிமைக்கும் வகை செய்ய வேண்டுமென்று கூறுகிறது. கோர்ட்டு மூலம் இதைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது உண்மையே. ஆனால், கோர்ட்டு கேட்காததை ஜனங்கள் கேட்கக் கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை. 1972-ம் வருஷத்துக் கொடும் பஞ்சத்தின்போது மகாராஷ்டிரத்தார், கேட்டவனுக்கு வேலை என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். 1977-ல் அதைச் சட்டமாக்கினார்கள். அதற்குப் பணம் திரட்ட நகரங்களில் சம்பளம் வாங்குவோர் மீதும் தொழில் புரிவோர் மீதும் வரி போட்டார்கள். கோட்டை விஷயத்தில் அவர்களோடு ஒரே பட்டியலில் இடம் பெற்ற நாம், இந்த விஷயத்திலும் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டால் கெடுதல் ஒன்றுமில்லை.

நமது யோசனைகள் இவை. ஐந்து வருஷக் காத்திருப்பை ஒரு வருஷமாகக் குறைக்க வேண்டும். உதவித் தொகையை ஒரு மனிதன் வேலை தேடிப் போய்வரப் போதுமான அளவுக்கு உயர்த்தி, அதை ஒரு தொழிற்பயிற்சியுடன் இணைக்க வேண்டும். பயிற்சி என்ற பெயரில் வருஷக் கணக்கில் குறைந்த கூலிக்கு வேலை வாங்கும் முதலாளிகளைத் தடுக்க வேண்டும். செஞ்சியைப் பொறுத்தவரையில், உலகப் புகழால் வரும் பிழைப்பு உள்ளூர் வாலிபர்களுக்கே முதலில் கிட்ட வேண்டும். கோட்டையின் சரித்திரத்தை எடுத்துரைக்கும் வழிகாட்டிகளாகவும், மதில்களைப் பழுது பார்க்கும் கைவினைஞர்களாகவும் அவர்களைத் தயார் செய்வது பெரிய செலவன்று.

1690-ம் வருஷம் முதல் 1698 வரை ராஜாராமின் கோட்டையை மொகலாயர்கள் முற்றுகையிட்டிருந்தார்கள். அக்கோட்டையிலுள்ள பெரிய களஞ்சியங்களை இன்றும் காணலாம். முற்றுகைக் காலத்தில் களஞ்சியத்து நெல்லைப் பிச்சை என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மதிலில் நிற்பவனுக்கு அது உரிய படி. ஆனால், களஞ்சியத்தை மட்டும் நம்பி எந்தக் கோட்டையும் நிலைத்ததில்லை. இன்று வறுமையின் முற்றுகைக்குள் நிற்கும் வாலிபனுக்கு நாம் படியும் அளக்க வேண்டும்; நிற்பதற்கு ஓர் இடமும் கொடுக்க வேண்டும். இரண்டையும் செய்துவிட்ட பிறகும் அவன் படுத்துக் கிடந்தால், அப்போது சோம்பேறி என்று சொல்லுவோம். அதுவரையில் அந்த வார்த்தையைச் சொல்ல நமக்கு உரிமையில்லை.