தோள் தமிழருடையது, அறிவு எவருடையது?

பொருநைக் கரையூர்களில் 'எலும்புருக்கி' என்னும் சொல்லைப் பெண்டிர் குரல் தாழ்த்தியே சொல்வர். முக்கூடல், கடையம், ஆலங்குளம், மேலப்பாளையம் எனப் பல ஊர்களில் முறத்தை மடிமீது வைத்துப் பீடி சுற்றிக் குடும்பம் காப்போர் அவர்கள். புகையிலைத் துகளும் இருமலும் அவர்கட்குப் புதியன அல்ல. 'காசம்' என்னும் வடசொல் வெறும் இருமலைக் குறிப்பது. 'எலும்புருக்கி' என்பதோ அந்நோய் உடலை என்ன செய்கின்றது என்பதையே கண்முன் நிறுத்துவது. நோய்க்கு இத்துணைப் பொருத்தமாகப் பெயரிட்ட மக்கள், அதன் தடுப்பூசியைப் பற்றி இன்று தம் மொழியில் எவ்வளவு அறிவர்?

நெல்லை மண் இந்நோய்க்குக் கொடுத்த விலை சிறிதன்று. நெல்லை இந்துக் கல்லூரியிற் பயின்ற புதுமைப்பித்தன், திரைப்படப் பணிக்காகப் புனே சென்று, எலும்புருக்கி பற்றித் திரும்பி, 1948-இல் திருவனந்தபுரத்தில் நாற்பத்திரண்டு அகவையில் மறைந்தார். (அவர் எழுத்துநடையில் தனித்தமிழார்க்கு உடன்பாடின்மை உண்டு, அவ்விழப்பில் வேறுபாடில்லை.) அதே 1948-இல்தான் சென்னைக் கிண்டியில் பி.சி.சி. தடுப்பூசி ஆய்வகம் எழுந்தது.

பி.சி.சி. என்பது என்ன? ஆவினத்தைத் தாக்கும் எலும்புருக்கி நுண்ணுயிரியைப் பிரான்சு நாட்டுக் கால்மெத்தும் கெரானும் பதின்மூன்று ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் நோய்செய் வலிமையை ஒடுக்கினர். 1921-இல் பாரிசு நகரிற் பிறந்த குழந்தையொன்றுக்கு முதன்முதற் கொடுத்தனர். குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய எலும்புருக்கியை அது இன்றும் தடுக்கின்றது. ஆனால் வளர்ந்தோர் நுரையீரலை? அதனைக் கண்டறிய 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 2,60,000 மக்களை உட்படுத்தி ஆய்வு தொடங்கினர். தடுப்பூசி வரலாற்றில் அத்துணைப் பெரிய ஆய்வுகள் மிகச் சிலவே. 1979-இல் வெளியான முதல் முடிவு உலகையே திடுக்கிடச் செய்தது: வளர்ந்தோர் நுரையீரல் நோயை அவ்வூசி தடுக்கவில்லை! அவ்வுண்மையை உலகிற்குத் தந்தவை தமிழர் தோள்கள்.

அக்குறையை நீக்கவே நுண்ணுயிரியின் மரபனை மாற்றிப் புதுக் கால்வழி படைக்கும் முயற்சி பிறந்தது. அவற்றுள் முன்னிற்பது செருமனியின் பெர்லின் நகரில், மாக்சு பிளாங்கு தொற்றுநோய் உயிரியல் ஆய்வகத்திற் கவுஃப்மன் குழுவினர் ஆக்கிய 'வி.பி.எம். 1002' என்பது. அதன் நுட்பம் சுவையானது. ஊசிவழிப் புகும் பி.சி.சி. உயிரியை உடலின் காவற் கண்ணறை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கின்றது. அவ்வுயிரியோ ஒரு நொதியைச் சுரந்து பைக்குள்ளிருக்கும் புளிப்பைத் தணித்துக்கொண்டு, உள்ளேயே ஒடுங்கிக் கிடக்கின்றது. காவற்படைக்கு அதன் அடையாளம் முழுமையாகத் தெரிவதில்லை. இலிசுடீரியா என்னும் வேறொரு நுண்ணுயிரிக்கு அத்தகைய பையைத் துளைக்கும் கலை தெரியும். ஆய்வாளர், துளைப்பானுக்குரிய மரபனை இலிசுடீரியாவினின்று எடுத்துப் பி.சி.சி.யிற் பொருத்தினர், புளிப்பைத் தணிக்கும் நொதிக்குரிய மரபனை நீக்கினர். புளிப்பில்தான் துளைப்பான் வேலை செய்யும் என்பதே அந்நீக்கத்தின் கரணியம். இப்போது பை துளைபட, நோயுயிரியின் அடையாளங்கள் வெளியே கசிய, காவற்படை விழித்துக்கொள்கின்றது. இவ்வாறு ஓருயிரியின் மரபனை மற்றோருயிரியிற் சேர்த்து ஆக்குவதே மறுசேர்க்கைக் கால்வழி.

இவ்விளக்கத்திற் தமிழுக்கு அகப்படாதது எது? மரபன், நொதி, கண்ணறை, துளைப்பான் என எல்லாம் நம் சொற்களே. ஆங்கிலத்தில் தடுப்பூசிக்குரிய சொல் ஆவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிற் பிறந்தது. 'தடுப்பூசி' என்பதோ கேட்டவுடன் தன் வேலையைச் சொல்லிவிடுகின்றது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860-களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். உடற்கூற்று நூலைத் தமிழில் ஆக்கினார். அயலாராகிய அவர்க்கு இயன்றது நம்மை ஆள்வோர்க்கு இயலாதாம்!

பெர்லினிற் பிறந்த கால்வழியைப் புனேயின் சீரம் நிறுவனம் ஏற்று வளர்த்தது. 2019-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்வோர் 12,000 பேரிடம் அதனையும் வேறொரு தடுப்பூசியையும் ஆய்ந்தது. தமிழ்நாடும் அவ்வாய்வுக் களங்களுள் ஒன்று. கிண்டி எங்கே போயிற்று? ஆக்கமுறையிற் குறையுண்டென்று கூறித் தில்லி அரசு 2008-இற் கிண்டி, குன்னூர், கசௌலி ஆய்வகங்களின் உரிமத்தை நிறுத்தியது. எதிர்ப்பு வலுத்தபின் 2010-இல்தான் அது மீண்டது. குறை இருந்திருக்கலாம், ஆனால் குறையுள்ள பட்டறையைச் செப்பனிட்டு வேலை வாங்குவதன்றோ அரசின் கடன்? அறுபதாண்டு தடுப்பூசி செய்து பழகிய கைகள் வாளாவிருக்க நேர்ந்தது.

தடுப்பூசியை மறுக்கச் சொல்வதன்று இக்கட்டுரை. பிறந்த குழந்தைக்குப் பி.சி.சி. இன்றியமையாதது, மறுசேர்க்கைக் கால்வழி வெல்லுமாயின் பீடி சுற்றும் பெண்டிர்க்கே முதற்பயன். ஆய்வுக்குத் தோள் கொடுப்போர்க்கு அவர்தம் மொழியில் ஒப்புதல்தாள் தரவேண்டும் என்பது விதி. ஆனால் ஒப்புதல்தாள் கைந்நாட்டுக்குரியது, கல்விக்குரியதன்று. இக்கால்வழிகளைப் படைக்கும் ஆய்வே கிண்டியில் நடத்தல் வேண்டும்; அதன் அறிவு பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரியிற் தமிழிலேயே கற்பிக்கப்படல் வேண்டும்.

1965-இல் எழுந்த அக்கல்லூரியில் இன்றும் கல்விமொழி ஆங்கிலமே. முக்கூடலிலிருந்து வந்த தாய் ஒருத்தி, "இந்த ஊசி உள்ளே போய் என்ன செய்யும் ஐயா?" என்று கேட்டால், அங்குப் பயிலும் தமிழ் மாணவர் விடையை அறிவார், ஆங்கிலத்தில். "நல்ல ஊசிதான் ஆச்சி, போட்டுக்கொள்ளுங்கள்" என்பதற்குமேல் அவர் நாவிற் தமிழ் வாராது.