கூட்டம்னா அப்படித்தானா?

எங்கள் நண்பர்கள் குழுவில் வருடத்துக்கு ஒருமுறையாவது அந்தப் போட்டோ வந்துவிடும். ஏழு பேர், வியர்வையில் ஊறிய டீசர்ட், பின்னால் நீல வெளிச்சம். கீழே ஒருவன் எழுதுவான்: "செம நாள்டா அது." உடனே வரிசையாக இதயங்கள். நானும் போட்டிருக்கிறேன். இனி போடமாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காரைக்கால்காரனுக்குப் பெரிய இசை நிகழ்ச்சி என்றாலே வேற ஊர்தான். காகிதத்தில் நாங்கள் புதுச்சேரி. ஆனால் புதுச்சேரிக்குப் போகவே தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும். சென்னை நண்பர்களுக்கு எங்கள் ஊர் என்றால், "வரும்போது ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வா" என்பதோடு சரி. அதனால் கொரோனாவுக்கு முந்தைய வருடம் ஆளுக்கு இரண்டாயிரம் சேர்த்து டிக்கெட் போட்டதும், ராத்திரி பஸ் ஏறியதும் எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. வீட்டில் அனுமதி வாங்க இரண்டு பெண்களும் பட்ட பாடு தனிக் கதை.

நடந்தது இதுதான். வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிப் போட்டார்கள். எங்கள் டிக்கெட்டுக்கான பகுதி ஏற்கெனவே நிரம்பி வழிந்தது. பின்னாலிருந்து தள்ளினார்கள், முன்னால் தடுப்புக்கம்பி. முடிந்ததும் பஸ் கிடைக்காமல் நாலு கிலோமீட்டர் நடந்தோம். இதையெல்லாம் வீரக் கதையாக ஊர் முழுக்கச் சொன்னோம். "செருப்பு போச்சு மச்சி, ஆனா அந்தப் பாட்டுக்கு எல்லாம் போகலாம்!"

போன வருடம் இன்னொரு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோதுதான் அந்த இருவரில் ஒருத்தி சொன்னாள்: "நீங்க பாட்டு கேட்டீங்க. நான் மூணு மணி நேரமும் பின்னாடி யார் நிக்கிறாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." பையை மாரோடு அணைத்தபடி அவள் நின்றது போட்டோவிலேயே தெரிகிறது. அத்தனை வருடம் பார்த்தும் யார் கண்ணிலும் படவில்லை.

எங்களுடையது தனிக்கதை என்று நினைக்காதீர்கள். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைப் பனையூரில் ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில் டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் சீண்டப்பட்டதாகப் பெண்கள் வெளிப்படையாக எழுதினார்கள். ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், ரகுமானும் வருந்தினார். அதே நவம்பரில் கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஓர் இசை நிகழ்ச்சியின் நெரிசலில் நான்கு பேர் செத்தே போனார்கள்.

ஒவ்வொரு முறையும் நம்மாட்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "கூட்டம்னா அப்படித்தான்." இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

எங்கள் ஊருக்குக் கூட்டம் புதுசில்லை. ஆனி மாதம் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். அதைப் பிடிக்க நீளும் கைகளுக்குக் கணக்கில்லை. பக்கத்திலேயே நாகூர்க் கந்தூரி. அந்தக் காலத்துக் கூட்டம் ஒழுக்கமானது என்று பெரிசுகள் மாதிரிப் பேச வரவில்லை. திருவிழாவிலும் பெண்கள் முழங்கையை முன்னால் வைத்துத்தான் நடக்கிறார்கள். 1992 மகாமகத்தில் கும்பகோணத்தில் ஐம்பது பேர் அளவுக்கு நெரிசலில் இறந்தார்கள். கோயில் குளம் என்பதால் கூட்டம் புனிதமாகிவிடாது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. திருவிழாவுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. டிக்கெட் நிகழ்ச்சியில் தெரியும். ஒவ்வொரு தலைக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள். மைதானம் எவ்வளவு கொள்ளும், எத்தனை விற்றோம், இரண்டும் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எண்ணித் தெரிந்தவன் "கூட்டம் எதிர்பார்க்காத அளவுக்கு வந்துவிட்டது" என்று சொன்னால் அதற்குப் பெயர் பொய். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பாதுகாப்பையே தனி விலை போட்டு விற்கிறார்கள். குறைந்த டிக்கெட் வாங்கியவள் நெரிசலையும் சேர்த்து வாங்கினாளா என்ன?

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. "கஷ்டப்பட்டாலும் செம ஃபீல்" என்று நாம் எழுதுகிற ஒவ்வொரு பதிவும் அவர்களுக்கு இலவச விளம்பரம். நம் ஞாபகத்தில் பாட்டு மட்டும் மிஞ்சுகிறது. நம்மோடு வந்தவளின் மூன்று மணி நேரத்தை நாமே வெட்டி எறிந்துவிடுகிறோம். அவள் சொல்லவில்லையே என்பீர்கள். சொல்லியிருந்தால் "இதுக்குத்தான் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வரக்கூடாது" என்று முதலில் சொல்லியிருப்பது நாம்தான். அவள் வீட்டில் தெரிந்தால் அடுத்த பயணமே கிடையாது. வாயை மூடிக்கொள்ள அவளுக்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

இசை நிகழ்ச்சிக்குப் போகாதே என்று சொல்லவில்லை. அந்த ராத்திரி முதல் பாட்டு ஆரம்பித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது நிஜம். அந்தச் சிலிர்ப்பு அவளுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அடுத்த மாதத்துக்கு டிக்கெட் போடலாமா என்று குழுவில் கேட்டிருக்கிறார்கள். நான் நாலு கேள்வி எழுதிப் போட்டேன்: மைதானம் எவ்வளவு கொள்ளும், எத்தனை டிக்கெட் விற்கிறார்கள், உள்ளே தண்ணீர் இலவசமா, முடிந்ததும் பஸ் உண்டா? இதை ஏற்பாட்டாளர்களுக்கு அனுப்பிப் பதில் வாங்கிவிட்டு டிக்கெட் போடுவோம் என்றேன். "ஓவரா பண்ணாதடா" என்று பதில் வந்தது.

ஓவராகவே இருக்கட்டும். பதில் வராமல் நான் காசு அனுப்பப்போவதில்லை. நீங்களும் அனுப்பாதீர்கள்.