பலாலியும் மீனம்பாக்கமும்

சென்ற வாரம் மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு கணக்கைக் கொண்டுவந்தான். பலாலிக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே வான்வழித் தூரம் 355 கிலோமீற்றர். அவ்வழியிற் பறக்கும் ஏ.ரி.ஆர். விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். ஆகவே பிரயாணம் 43 நிமிடம். அட்டவணையோ ஏறத்தாழ ஒன்றேகால் மணி என்கிறது. “அட்டவணை பிழையா, சேர்?” என்றான். “எதிர்க்காற்று” என்று அவசரத்திற் சொல்லி அனுப்பிவிட்டேன். அது அரைகுறை விடை. அன்றிரவு மனம் உறுத்தியது.

தூரத்தை அவன் சரியாகவே கண்டிருந்தான். தேசப்படம் இருந்தால் எவரும் காணலாம். பலாலி வட அகலாங்கு 9 பாகை 48 கலை. மீனம்பாக்கம் ஏறக்குறைய 13 பாகை. வித்தியாசம் 3 பாகை 12 கலை, அதாவது 192 கலை. அகலாங்கில் ஒரு கலை ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். பெருக்கிப் பாருங்கள். இரண்டு ஊர்களும் 80 பாகை நெட்டாங்கை ஒட்டியே அமைந்திருப்பதால் கடினமான திரிகோண கணிதம் வேண்டியதில்லை. இத்தகைய வசதியான சோடி எளிதிற் கிடைக்காது.

அவன் மறந்தது வேறு. விமானம் நிறுத்திடத்தை விட்டு அசைந்தது முதல், மறுகரையில் நிறுத்திடத்தை அடையும்வரை அட்டவணை கணக்கிடுகிறது. தரையில் ஊர்வதும், ஏறுவதும், இறங்குவதும் முழுவேகத்தில் நடப்பனவல்ல. மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதை ஏறக்குறையக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. தெற்கிலிருந்து வரும் விமானம் சுற்றி வளைந்தே அதனை அணுகவேண்டும். குறுகிய பிரயாணத்தில் இச்சில்லறை நிமிடங்களே பெரும்பங்கை விழுங்கிவிடுகின்றன.

1947 டிசம்பர் 10 இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. மணிக்குச் சுமார் 300 கிலோமீற்றர் ஓடும் டக்கோட்டா அது. கணக்கிட்டால், இன்றைய விமானம் அதனினும் மிச்சப்படுத்துவது நடுவானில் அரைமணிக்கும் குறைவே!

ஆனால் அவ்வழியே இல்லாதிருந்த காலம் நெடியது. பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது 2019 ஒக்டோபரில். 2020 இல் தொற்றுநோயால் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் தொடங்கியது. 2018 இல் என் பெரியம்மாவைக் கண் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு இரவு முழுவதும் பஸ், ஏறத்தாழ 400 கிலோமீற்றர், தெற்கு நோக்கி. அங்கே மூன்று மணி காத்திருப்பு. பிறகு 640 கிலோமீற்றர், வடக்கு நோக்கி. தேசப்படத்தில் கட்டுநாயக்காவையும் மீனம்பாக்கத்தையும் அடிமட்டத்தால் இணைத்தால் கோடு யாழ்ப்பாண நகரத்தை ஒட்டியே செல்லும். விமானத்தில் இதனை விளக்கியபோது பெரியம்மா யன்னலோரம் திரும்பினார். பார்வை மங்கியிருந்தும் நெடுநேரம் கீழே பார்த்தார்.

“அப்ப எங்கட வளவுக்கு மேலாலயோ தம்பி போறம்? இதுக்கோ ராத்திரி முழுக்க என்னைக் கொழும்புக்குக் குலுக்கிக் கொண்டு வந்தனி?”

மாணவனைத் திங்கட்கிழமை அழைத்து முழு விடையையும் சொல்லவேண்டும்.