"மாட் கிலாவ்" படத்துல நம்ம ஆளு எங்கேன்னு கேட்கிறவங்களுக்கு

அன்னதான வரிசையில இன்னும் இந்த வாக்குவாதம் ஓயல. கோயில் தொண்டர்கள் நாங்க நேராவே சொல்றோம்: கேள்வி தப்பான ஆள்கிட்ட போகுது.

மாட் கிலாவ் நம்ம பகாங் மண்ணின் வீரர். 1890களில் வெள்ளைக்காரனை எதிர்த்தவர். பல வருஷம் பேர் மாத்தி மறைஞ்சு வாழ்ந்து, 1969ல புலாவ் தாவார் பள்ளிவாசல்ல தன்னை வெளிப்படுத்தினார். மாநில அரசு விசாரிச்சு 1970ல உறுதி செஞ்சது. அதே வருஷம் காலமானார். உயிரோட இருக்கும்போதே கேட்டாங்க. அதனாலதான் 2022ல படத்துக்குக் கதை இருந்துச்சு.

நம்ம கதையை யார் கேட்டா? 1949ல வெள்ளைக்காரன் புடு சிறையில தூக்கிலிட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி யாருன்னு எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? 1929ல போ தேயிலைத் தோட்டம் தொடங்கினப்போ காடு வெட்டினவங்க பேர்? உபயக்காரர் பேர் கல்வெட்டுல இருக்கு. கொழுந்து கிள்ளின பாட்டி பேர் எந்த நோட்டுல இருக்கு?

சினிமாக்காரனைத் திட்டுறது சுலபம். வர்ற வெள்ளிக்கிழமை பூஜைக்கு வீட்டுப் பெரியவங்களை அழைச்சிட்டு வாங்க. அவங்க பேசட்டும், பதிவு பண்றது எங்க பொறுப்பு.

முருகா சரணம்.