ரெசிடென்ட் ஈவில் 4 - எல்லாம் இருக்கு, பயம் எங்கே?

முதல்லயே சொல்லிடறேன். ரெசிடென்ட் ஈவில் 4 எனக்கு ரொம்பப் பிடிச்ச கேம். நாலு தடவை முடிச்சிருக்கேன். அதனால ரசிகக் கண்மணிகள் யாரும் வீட்டுக்கு ஆட்டோ அனுப்ப வேண்டாம் :-) ஆனா பயமுறுத்தற விஷயத்துல அது தன்னோட அண்ணன்மாருக்குப் பக்கத்துலகூட வராதுங்கறதுதான் என் கட்சி.

1996ல பிளேஸ்டேஷன்ல வந்த முதல் பாகத்தையே எடுத்துக்கோங்க. ஒரு பெரிய பங்களா. கேமரா மூலையில ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஜோம்பி முனகற சத்தம் கேக்கும், ஆள் தெரியாது. கிறிஸ் ஆறு பொருள்தான் வச்சுக்க முடியும், ஜில்லுக்கு எட்டு. ஜோம்பியைச் சுட்டா ஒண்ணும் கிடைக்காது, குண்டு போனது போனதுதான். சுடலாமா, சுத்திக்கிட்டு ஓடிடலாமா? ஒவ்வொரு வராண்டாவிலயும் இதே யோசனை.

சேவ் பண்ணணும்னா டைப்ரைட்டருக்கு மை ரிப்பன் வேணும். அதுவும் எண்ணி எண்ணித்தான் கிடைக்கும். "இன்னும் ரெண்டு ரூம் பாத்துட்டு சேவ் பண்ணுவோம்"னு கஞ்சத்தனம் பண்ணி, ஹன்டர்கிட்ட தலையைக் குடுத்து, ஒன்றரை மணி நேர உழைப்பைத் தொலைச்சிருக்கேன். அதுக்கப்புறம் கதவைத் திறக்கவே கை நடுங்கும்.

2005ல கேம்கியூப்ல நாலாவது பாகம் வந்துச்சு. இயக்குநர் முதல் பாகம் எடுத்த அதே ஷின்ஜி மிகாமி. கேமரா லியோனோட தோளுக்குப் பின்னாடி வந்துடுச்சு. அந்த ஆரம்ப கிராமத்துச் சண்டை இருக்கே, அடடா! சங்கிலி ரம்பத்தோட ஒருத்தன் துரத்தறதும், சர்ச் மணி அடிச்சதும் எல்லாரும் ஆயுதத்தைப் போட்டுட்டுக் கிளம்பறதும்... இன்னிக்கும் புல்லரிக்கும்.

ஆனா மூணு மணி நேரம் கழிச்சு என்ன ஆகுது? விழுந்தவன் குண்டும் காசும் விட்டுட்டுப் போறான். வியாபாரிகிட்ட புதுத் துப்பாக்கி வாங்கறோம், இருக்கறதை மேம்படுத்தறோம். டைப்ரைட்டருக்கு ரிப்பனே தேவையில்லை. ஒரு கட்டத்துல நானே "இன்னும் நாலு பேர் வரமாட்டானா"ன்னு காத்துக்கிட்டு இருந்தேன். இரையா இருந்தவன் வேட்டைக்காரன் ஆயிட்டா அப்புறம் ஏதுங்க பயம்? இருக்கறது பரபரப்புதான்.

மூணு பாகத்துக்குள்ளயே பழைய பாணி புளிச்சுப் போச்சு, மாத்தியே ஆகணும்னு சொல்வாங்க. ஒத்துக்கறேன். மூச்சு வாங்கிக்கிட்டே வருமே ரீஜெனரேட்டர், அது பழைய பயத்தை அப்படியே கொண்டு வந்துச்சுங்கறதையும் ஒத்துக்கறேன். ஆனா அது ஒரு ஓரமாத்தான்.

அடுத்து வந்ததைப் பாருங்க. 2009ல அஞ்சாவது பாகம், கூடவே துணைக்கு ஒரு ஆள். 2012ல ஆறாவது, ஒரே வெடிச்சத்தம். கடைசில 2017ல ஏழாவது பாகத்துக்குத் திரும்ப ஒரு பாழடைஞ்ச வீடு, சின்னப் பை. கடினமான நிலையில ஆடினா சேவ் பண்ணக் கேசட் வேணும். மை ரிப்பன்தான் மாறுவேஷத்துல வந்திருக்கு! 2023ல நாலாவதையே புதுசாப் பண்ணப்போ கத்தி உடையற மாதிரி வச்சதும் இதே ரகம்தான்.

பயம் பேயில இல்லீங்க, பையில இருக்கு. பை காலியா இருந்தாதான் பேய் பேயா தெரியும்.

டிஸ்கி: நாலாவது மட்டும் ஆடினவங்க, முதல் பாகத்தோட 2002 மறு உருவாக்கத்தை ஒருதரம் ஆடிப் பாத்துட்டு சண்டைக்கு வாங்க. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஆடணும், ஆமா.